பெரியவங்க டான்சில் ஆபரேஷன் பண்ணா எத்தனை நாள்ல சரியாகும்? அஞ்சாம் நாளுக்கு அப்புறம் நடக்குறதத்தான் யாரும் சொல்றதில்ல

கேள்வி கேட்டவங்களுக்கு 29 வயசு, அடுத்த வாரம் ஆபரேஷனாம். சின்னப் பிள்ளைங்க நாலு நாள்ல ஓடியாடுதுங்களே பெரியவங்கள மட்டும் ஏன் இப்படி பயமுறுத்துறாங்க, எத்தனை நாள் லீவு போடணும், என்ன சாப்பிடலாம்னு கேட்டிருக்காங்க. நான் போன வருஷம் மே மாசம் 33 வயசுல எடுத்துக்கிட்டேன், ஊரு மதுரை, ஸ்கூல் டீச்சர். தொண்டைய வச்சுத்தான் எனக்கு பொழப்பு, அதனால இதுல பட்டதெல்லாம் நல்லாவே ஞாபகம் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல எதுக்கு எடுத்தேன்னு சொல்லிடுறேன். ஈஎன்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வருஷத்துக்கு எத்தனை தடவை வருதுங்கிறதுதான். ஒரே வருஷத்துல 7 தடவை, இல்லன்னா ரெண்டு வருஷமா வருஷத்துக்கு 5 தடவை, இல்லன்னா மூணு வருஷமா வருஷத்துக்கு 3 தடவை, இந்தக் கணக்குல வந்தாத்தான் எடுக்கிறதப் பத்தி யோசிக்கிறதாம். நான் ஸ்கூல்ல குடுத்த லீவு லெட்டர எல்லாம் எண்ணிப் பாத்தேன், ரெண்டு வருஷத்துல 11 தடவை காய்ச்சலும் சீழுமா படுத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக். அதுக்கப்புறம் எனக்கு தயக்கமே இல்ல. நீங்களும் ஒரு தாள்ல எண்ணி எழுதி வச்சுக்கங்க, ஏழாம் நாள் ராத்திரி "ஏன்டா இதப் பண்ணோம்"னு தோணும், அப்ப எடுத்துப் பாக்க உதவும்.

சின்னப் பிள்ளைங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்னா, நமக்கு வருஷக்கணக்கா சீழ் பிடிச்சு ஆறி திரும்பப் பிடிச்சு, டான்சில் பின்னாடி இருக்கிற தசையோட தழும்பா ஒட்டிக் கிடக்கும், அதப் பிரிச்சு எடுக்கும்போது புண்ணு பெருசாகுது. அதுக்கு மேல தையலும் வழக்கமா போடுறதில்ல. ரெண்டு பக்கமும் தோல் இல்லாத பச்சப் புண்ணு, ஒவ்வொரு தடவ எச்சில் முழுங்கும்போதும் அந்தத் தசைதான் இழுபடும். கையில வெட்டுப்பட்டா கைய அசைக்காம வச்சுக்கலாம், தொண்டைய அப்படி வைக்க முடியாதுல்ல.

ஆபரேஷன் அன்னைக்கு பெருசா ஒண்ணும் தெரியாது, முழு மயக்கம் குடுப்பாங்க. எந்திரிச்சதும் தொண்டைல ஒரு கனம், நாக்கு மரத்த மாதிரி இருக்கும், தாடை வலிக்கும், வாயத் திறந்து நிக்க வைக்க ஒரு கம்பி மாட்டுவாங்க அதனால வர்றது, பயப்படாதீங்க. கண்ணாடில பாத்தா உள்நாக்கு வீங்கி நாக்கு மேல படுத்துக் கிடக்கும், அதனாலதான் என்னமோ தொண்டைல அடைச்ச மாதிரியே இருக்கும். மறுநாளே அந்த ரெண்டு குழிலயும் வெள்ளையா மஞ்சளா படலம் படிஞ்சிடும். எங்க வீட்டுக்காரரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சீழ் வச்சிருச்சுன்னு பதறிப்போயி டாக்டருக்கு போன் போட்டாரு. அது சீழ் இல்லங்க, கையில புண்ணு ஆறும்போது பக்கு கட்டுதுல்ல, அதேதான், ஈரமான எடத்துல இருக்கிறதால வெள்ளையா தெரியுது. வாய் நாத்தம் கடுமையா இருக்கும், அதுவும் இதாலதான். அதச் சுரண்டவோ கொப்புளிச்சுக் கழுவவோ போயிடாதீங்க.

ரெண்டு, மூணு, நாலு, இந்த நாளெல்லாம் வலி இருக்கும், சமாளிச்சுடலாம். நாலாம் நாள் சாயங்காலம் எனக்கு நிஜமாவே குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை கூட பேசினேன். சரி இவ்வளவுதான் போலன்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி மாத்திரை போடாம தூங்கிட்டேன், தண்ணியும் குடிக்கல. விடியக்காலம் நாலு மணிக்கு முழிப்பு வந்தப்ப தொண்டை காஞ்ச மண்ணு மாதிரி, எச்சில் முழுங்கினா கண்ணாடித் துண்ட முழுங்குற மாதிரி, வலி தொண்டைலேர்ந்து ரெண்டு காதுக்குள்ளயும் பாய்ஞ்சுச்சு. காதுல ஏதோ சீழ் வச்சிருச்சுன்னே நெனச்சேன். அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புதான் போகுதாம், மூளைலேர்ந்து வர்ற ஒன்பதாவது நரம்பு, தொண்டைப் புண்ணோட வலிய மூளை காதுல வலிக்கிறதா எடுத்துக்குது. காதுல சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம்.

இதத்தான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தேன். நாள் ஆக ஆக வலி குறைஞ்சுக்கிட்டே வரும்னு நெனச்சா அது தப்பு. அஞ்சாம் நாள்லேர்ந்து எட்டாம் நாள் ஒன்பதாம் நாள் வரைக்கும் திரும்ப ஏறும், அப்பத்தான் அந்தப் பக்கு உரிய ஆரம்பிக்குது. எனக்கு ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் தாள்ல "மென்மையான உணவு, ஏழு நாள் ஓய்வு" அவ்வளவுதான் இருந்துச்சு. இத ஒரு வரி எழுதியிருந்தா நான் மாத்திரைய நிறுத்தியிருக்கவே மாட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

அதனால வலி மாத்திரைய வலி வந்தப்புறம் போடுறதுங்கிற பேச்சே வேண்டாம், மணி பாத்துப் போடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் அலாரம் வச்சு எந்திரிச்சுப் போடுங்க, முதல் 10 நாளைக்காவது. பாராசிட்டமால் மாத்திரைய முழுங்க முடியலன்னா சிரப்பாவோ தண்ணில கரையிற மாத்திரையாவோ கேட்டு வாங்குங்க, எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல போகக் கூடாது, உங்க எடைக்கும் ஈரலுக்கும் எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். ஆஸ்பிரின் மட்டும் தொடவே தொடாதீங்க, ரத்தம் உறையிறத கெடுத்துரும். இதயத்துக்கோ வேற எதுக்கோ ஏற்கெனவே சாப்பிடுறவங்களா இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

அடுத்தது தண்ணி. குடிச்சா வலிக்குதுன்னு குடிக்காம இருந்தா பக்கு காஞ்சு வெடிக்கும், அப்புறம் இன்னும் வலிக்கும், அதனால இன்னும் குடிக்க மாட்டோம், அப்படியே சுத்தும். ஒண்ணு கவனிச்சேன், முதல் மடக்குதான் உயிர் போகும், ரெண்டாவது கொஞ்சம் பரவாயில்ல, நாலாவது மடக்கு சாதாரணமா இறங்கும். அதனால ஒரு வாய் குடிச்சு வலிக்குதுன்னு டம்ளரக் கீழ வச்சிடாதீங்க, நாலு மடக்க சேத்துக் குடிங்க. எங்கம்மா உசிலம்பட்டிலேர்ந்து வந்து கூட இருந்தாங்க, எழுதிக் காமிச்சா அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால நான் எவர்சில்வர் டம்ளர்ல ஸ்பூனால தட்டுவேன், ஒரு தட்டுன்னா தண்ணி, ரெண்டு தட்டுன்னா மாத்திரை. ராத்திரி எந்நேரம் தட்டினாலும் எந்திரிச்சு வருவாங்க. மே மாசங்கிறதால நுங்கு கிடைச்சுச்சு, அம்மா அந்த மேல்தோல நகத்தால உரிச்சு, டம்ளர்ல போட்டு மத்தோட அடியால நசுக்கி, கொஞ்சம் ஜில்லுன்னு எடுத்து "முழுங்காத தாயி, நாக்குல வையி, அதுவா இறங்கும்"பாங்க. நெசமாவே அதுவாத்தான் இறங்குச்சு. அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டதுல ருசி தெரிஞ்சது நுங்கு மட்டும்தான், மத்ததெல்லாம் நாக்குல ஒரே உலோக வாடை.

சாப்பாடுன்னா இளநீ, ஆறின கஞ்சி, புளிக்காத மோர், கேப்பைக் கூழ் நல்லா ஆற வச்சு மோர் ஊத்திக் கரைச்சது, ஜவ்வரிசிக் கஞ்சி, ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் சாப்பிட்டா கோழை கட்டுற மாதிரி இருந்துச்சு, பின்னாடியே ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சா சரியாயிடும். ஏழு எட்டு நாளுக்கப்புறம் நல்லா குழையப் பெசஞ்ச தயிர் சாதம், பால்ல ஊறின இட்லி. காரம், புளிப்பு, தக்காளி, ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் நெருப்பா எரியும். முறுக்கு, சிப்ஸ், முறுகல் தோசை ரெண்டு வாரத்துக்குக் கிடையாது. முக்கியமா சூடு வேண்டாம். பாக்க வர்றவங்க எல்லாம் சுடச்சுட சுக்குக் காபி குடி, மிளகு ரசம் குடி, மஞ்சப் பால் குடின்னு அன்பாத்தான் சொல்வாங்க, ஆனா சூட்டுல ரத்தக்குழாய் விரிஞ்சு கசிவு வர வாய்ப்பிருக்கு, ஆறினப்புறம் குடிக்கிறேன்னு சொல்லிடுங்க. ராத்திரி மூணு தலகாணி வச்சு சாய்ஞ்ச மாதிரி படுத்தா வீக்கமும் குறையும், வாயத் திறந்து தூங்கிக் காயிறதும் குறையும். கழுத்துக்கு வெளில ஐஸ ஈரத்துணில சுத்தி வச்சாலும் கொஞ்சம் இதமா இருக்கும்.

இப்ப ரத்தம். பயமுறுத்த எழுதல, ஆனா தெரியாம இருக்கக் கூடாது. முதல் 24 மணி நேரத்துல ஒரு ஆபத்து, அது ஆஸ்பத்திரிலயே பாத்துக்குவாங்க, ரெண்டாவது அஞ்சாம் நாள்லேர்ந்து பத்தாம் நாளுக்குள்ள, பக்கு உரியிற நேரம், அப்ப நாம வீட்டுல இருப்போம். எனக்கு ஏழாம் நாள் ராத்திரி ரெண்டே முக்கால் மணி இருக்கும், வாயில துரு வாசம், எந்திரிச்சு பேசின்ல துப்புனா பளிச்னு செகப்பு. எச்சில்ல நூல் மாதிரி பழுப்பா வர்றது வேற, இது திரும்பத் திரும்ப வாய் நெறைய வந்துச்சு. நான் படுக்கல, உக்காந்து முன்னாடி குனிஞ்சுக்கிட்டேன், முழுங்காம ஒரு கிண்ணத்துல துப்புனேன், அம்மா சொம்புல ஐஸ் தண்ணி கொண்டாந்தாங்க, அத வாயில வச்சு மெதுவா துப்பிக்கிட்டே காருல போனோம். அந்தக் கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போனது நல்லதா போச்சு, எவ்வளவு போயிருக்குன்னு டூட்டி டாக்டர் அதப் பாத்துத்தான் கணிச்சாரு. உறைஞ்சு நின்ன கட்டிய உறிஞ்சி எடுத்து, ரத்தம் நிக்கிறதுக்கு ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ட்ரிப்ஸ்ல ஏத்தி, ஒரு நாள் அங்கயே வச்சுப் பாத்தாங்க, அதோட நின்னுச்சு. சிலருக்கு திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயி, ரத்தம் வர்ற எடத்துல சூடு வச்சு நிறுத்த வேண்டி வரும்.

இது அபூர்வம்லாம் இல்ல. பிரிட்டன்ல 27 ஆஸ்பத்திரில 453 பெரியவங்கள வச்சு நாட்டினான்னு ஒரு ஆய்வு பண்ணி 2023ல லான்செட் இதழ்ல போட்டாங்க, அதுல டான்சில் எடுத்தவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு வந்திருக்கு. அதே ஆய்வுலதான் எடுத்தவங்களுக்கு ரெண்டு வருஷத்துல தொண்டை வலிச்ச நாள் நடுமட்டமா (எல்லாரோட கணக்கையும் வரிசையா வச்சா நடுவுல வர்றது) 23, உடனே எடுக்காம மருந்துல இருந்தவங்களுக்கு 30ன்னும் வந்துச்சு, அதுவும் ஆபரேஷனுக்கப்புறம் வலிச்ச நாளையும் சேத்தே. அதனால எடுக்கிறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு தனியா தூங்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துல போற தூரத்துல இருங்க, ஊருக்குப் போறது கல்யாணம் காதுகுத்துன்னு கிளம்புறது எல்லாம் தள்ளிப் போடுங்க. வண்டி இல்லன்னா 108 நம்பர் வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். செகப்பா ரத்தம் வந்தா கொஞ்சமாத்தானே வருதுன்னு விடியிற வரைக்கும் காத்திருக்காதீங்க. அதே மாதிரி நாள் முழுக்க ஒண்ணுமே குடிக்க முடியல, சிறுநீர் அடர் மஞ்சளாப் போகுது, 101 டிகிரிக்கு மேல காய்ச்சல் நிக்கலன்னாலும் போய்க் காட்டுங்க.

இன்சூரன்ஸ் இருந்தா பாலிசிய இப்பவே எடுத்துப் பாருங்க. ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி பாலிசிலயே டான்சில் ஆபரேஷனுக்கு 24 மாசம் காத்திருப்புக் காலம் போட்டிருக்கு, பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் ஆகலன்னா பணம் வராது.

பத்தாம் நாளுக்கு மேல எனக்கு ஒவ்வொரு நாளும் தெளிவா குறைஞ்சுச்சு, பதினாறாம் நாள் தேங்காச் சட்னியோட இட்லி சாப்பிட்டேன், 4 கிலோ எடை போயிருந்துச்சு. குரல் ஒரு மாசத்துக்கு மூக்குல பேசுற மாதிரி இருந்து தன்னால சரியாயிடுச்சு. கொட்டாவி விட்டா இழுக்குறது மட்டும் ரொம்ப நாள் இருந்துச்சு. டான்சில எடுத்துட்டா எதிர்ப்பு சக்தி போயிடும்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஆளாளுக்குச் சொன்னாங்க, அதே வேலையப் பாக்குற சதை நாக்கோட அடிலயும் மூக்குக்குப் பின்னாடியும் இருக்குது, அது பாத்துக்கும். இந்த ஒரு வருஷத்துல சளி பிடிச்சு ரெண்டு தடவ தொண்டை கரகரன்னுச்சு, அவ்வளவுதான், சீழும் காய்ச்சலும் ஒரு தடவ கூட வரல.

லீவு கேட்டீங்கல்ல, ரெண்டு வாரம் கண்டிப்பா வேணும், பேசுற வேலைன்னா மூணு வாரம். எனக்கு ஸ்கூல் லீவுங்கிறதால பிரச்சன இல்ல, ஆனா என் கூட வார்டுல இருந்த தம்பிக்கு ஏழு நாளைக்குத்தான் சர்டிபிகேட் எழுதிக் குடுத்தாங்க, எட்டாம் நாள் வண்டி ஓட்டிக்கிட்டு கம்பெனிக்குப் போயி மத்தியானமே முடியாம திரும்பி வந்து, சர்டிபிகேட்ட நீட்டி வாங்க அந்த வலியோட திரும்ப ஓபில போயி உக்காந்திருந்தாராம். நீங்க டிஸ்சார்ஜ் ஆகும்போதே 14 நாளைக்குக் கேட்டு வாங்கிடுங்க.