கேள்வி–பதில்: ‘லேட்’டில் எத்தனை லேட்!

கேள்வி: அண்ணன் மகனின் கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்திலும் அச்சடிக்கிறோம். அண்ணன் காலமாகிவிட்டார், அண்ணி இருக்கிறார். ‘லேட்’ என்பதை எங்கே போடுவது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பெயருக்கு முன்னால்தான். ஆனால் வரிசையில்தான் வினை இருக்கிறது. ‘சன் ஆஃப் லேட் மிஸ்டர் அண்ட் மிஸஸ் சுந்தரம்’ என்று அச்சகத்தில் வழக்கம்போல் கோத்துவிடுவார்கள். படிக்கிறவருக்கு அப்பா, அம்மா இருவருமே இல்லை என்றுதான் படும். இருப்பவரை முதலில் போடுங்கள்: ‘சன் ஆஃப் மிஸஸ் கமலா அண்ட் தி லேட் மிஸ்டர் சுந்தரம்’. இப்போது ‘லேட்’ அண்ணனை மட்டுமே தொடும். நம் ஊர்ப் பத்திரிகைகளில் ‘தி’ பெரும்பாலும் விட்டுப்போகும். சேர்ப்பதே நல்ல ஆங்கிலம். ‘மை’, ‘ஹிஸ்’ வந்தால் மட்டும் ‘தி’ வேண்டாம்: ‘மை லேட் பிரதர்’.

மறைந்தவர் என்ற பொருளில் இந்தச் சொல் பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். ‘மை பிரதர் இஸ் லேட்’ என்று பின்னால் தள்ளினால் அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை என்றாகிவிடும். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பக்கத்து ஆங்கிலம் இதற்கு விலக்கு. அங்கே ‘ஹி இஸ் லேட்’ என்றால் ஆள் தவறிவிட்டார் என்றும் பொருள் உண்டு. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இறந்து எத்தனை ஆண்டு வரை போடலாம் என்பதற்குக் கறாரான விதி இல்லை. அவரை நேரில் அறிந்த தலைமுறை இருக்கும்வரை பொருந்தும். 1616-இல் இறந்த ஷேக்ஸ்பியருக்குப் போட்டால் சிரிப்பார்கள்.

கேள்வி: ‘லேட் பிரசிடென்ட்’, ‘ஃபார்மர் பிரசிடென்ட்’, ‘எக்ஸ் பிரசிடென்ட்’... எது எப்போது? (கோவை வாசகி)

பதில்: ‘ஃபார்மர்’, ‘எக்ஸ்’ இரண்டும் பதவி போனதைச் சொல்கின்றன, ‘லேட்’ உயிர் போனதைச் சொல்கிறது. விவாகரத்தானவரை ‘லேட் ஹஸ்பண்ட்’ என்று எழுதினால் அவரைக் கொன்றுவிட்டீர்கள் என்று அர்த்தம்! அவர் ‘எக்ஸ்’தான். அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர், மறைந்தது 2015-இல். இரண்டையும் சொல்ல வேண்டுமானால் ‘ஃபார்மர் பிரசிடென்ட், தி லேட் ஏபிஜே அப்துல் கலாம்’ என்று எழுதுங்கள். ‘தி லேட் பிரசிடென்ட் கலாம் டுக் ஓத் இன் 2002’ என்று எழுதுவதுதான் செய்திக் கட்டுரைகளில் அடிக்கடி நேரும் பிசகு. பதவியேற்றபோது அவர் உயிரோடுதானே இருந்தார்? உயிரோடு இருந்தபோது செய்த காரியத்தைச் சொல்லும் வாக்கியத்தில் ‘லேட்’டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ‘ஐ காட் லேட் டு ஆபீஸ்’ சரியா? (ஓசூர் வாசகர்)

பதில்: நம் ‘லேட்டாயிடுச்சு’ அப்படியே ஆங்கிலத்துக்குக் குடிபோன வாக்கியம் இது. ‘ஐ வாஸ் லேட் ஃபார் வொர்க்’ என்று சொல்லுங்கள். வழியில் மாட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ காட் டிலேய்ட்’. ஆனால் பொழுது போகிறது என்பதற்கு ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ சரியே. அளவு சொல்லும்போது எண் முன்னால் வரட்டும்: ‘தி பஸ் வாஸ் ட்வென்டி மினிட்ஸ் லேட்’.

கேள்வி: ‘ஹி கேம் லேட்லி’ என்று எழுதிய மகளுக்கு மதிப்பெண் போய்விட்டது. ஏன்? (விழுப்புரம் வாசகி)

பதில்: ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’ வருவதுபோல் இதற்கும் வாலை ஒட்டிவிட்டாள், பாவம். ‘தாமதமாக’ என்பதற்கும் ‘லேட்’தான்: ‘ஹி கேம் லேட்’. ‘லேட்லி’ என்றால் ‘சமீப காலமாக’. அது பெரும்பாலும் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ சேர்ந்த வினையோடு வரும்: ‘ஐ ஹாவ் நாட் சீன் ஹிம் லேட்லி’. ‘ஆஃப் லேட்’டுக்கும் அதே பொருள்தான், தொனி கொஞ்சம் விறைப்பு.

இன்னொரு ஜோடியையும் சொல்லிக்கொடுங்கள். ஒரு ‘டி’ போட்டால் ‘லேட்டர்’, அதாவது பிறகு. இரண்டு ‘டி’ போட்டால் ‘லாட்டர்’, சொன்ன இரண்டில் பின்னது. மூன்று பொருளைச் சொல்லிவிட்டு ‘லாட்டர்’ போடக்கூடாது, ‘லாஸ்ட்’ என்றே எழுத வேண்டும்.

கேள்வி: ‘லேட் 1990’, ‘லேட் 1990ஸ்’ இரண்டும் ஒன்றா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. முதலாவது 1990-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். இரண்டாவது அந்தப் பத்தாண்டின் கடைசிப் பகுதி, ஏறக்குறைய 1997 முதல் 1999 வரை. ஒரே ஒரு ‘எஸ்’ விட்டுப்போனால் ஏழெட்டு வருஷம் தள்ளிப்போகும். பயோடேட்டாவில் இதைச் சரிபாருங்கள். ‘இன் ஹிஸ் லேட் ஃபார்ட்டீஸ்’ என்றால் வயது 47, 48, 49.

கேள்வி: நாள் கடந்து சொல்லும் பிறந்தநாள் வாழ்த்து? (சேலம் வாசகி)

பதில்: ‘பிலேட்டட்’. வாழ்த்துதானே பிந்தியது, பிறந்தநாள் அல்லவே. அதனால் ‘பிலேட்டட் பர்த்டே விஷஸ்’ என்பதே கச்சிதம். ‘ஹேப்பி பிலேட்டட் பர்த்டே’ தர்க்கத்துக்கு ஒத்துவராது, ஆனால் வாழ்த்து அட்டைகளில் நிலைத்துவிட்டது. அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.