ஆற்றில் நீந்தத் தெரிந்த பிள்ளையைக் கயாக் ஓட்ட அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவள், நன்றாக நீந்துவாள். வேக ஆற்றில் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு) ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதைக் கற்றே தீருவேன் என்கிறாள். 'வயசுக்கு வந்த பிள்ளைக்கு இது எதுக்கு?' என்கிறார் அவள் ஆச்சி. எனக்கு அனுப்ப ஆசை, பயமும் இருக்கிறது. எங்கே, எப்படித் தொடங்குவது?

பதில்: அனுப்புங்கள். ஆனால் நம் ஆற்றில் தொடங்க வேண்டாம்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். உங்கள் பக்கம் இருப்பது கன்னடியன். கரையிலிருந்து பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். சுவரைத் தாண்டி விழும் நீர் அடியில் போய், கொஞ்சம் தள்ளி மேலே வந்து, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் சிக்கிய ஆளை அது எளிதில் வெளியே விடாது, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும்கூட. பாறைகளுக்கு நடுவே விழும் நீரில் பக்கவாட்டில் ஏதாவது ஒரு வழி கிடைக்கும். கரைக்குக் கரை நேராகக் கட்டிய சுவருக்குக் கீழே அது கிடையாது. பாபநாசத்துக்கு மேலே போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைய முடியாது. போதாததற்கு, அணையில் நீர் திறந்தால் ஊரில் தூறல்கூட இல்லாதபோதே ஆறு ஏறிவிடும்.

மகளுக்கு நீச்சல் தெரியும் என்பது பெரிய பலம். ஆனால் படித்துறைப் பழக்கம் ஒன்றை அவள் விட வேண்டும்: கால் தட்டியதும் எழுந்து நிற்பது. வேக ஆற்றில் பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். இடுப்பளவு நீரில் உயிர் போவது இப்படித்தான். மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி, பாதம் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதந்து, கரைப் பக்கமாகச் சாய்ந்து நீந்திச் சேர வேண்டும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் தொலைவிலேயே விலக வேண்டும். கிளைகளுக்கு இடையில் தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது.

முதல் பாடங்களுக்குக் குளமோ அசையாத நீரோ போதும். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்தில் நீச்சலை இன்னும் திடப்படுத்தலாம். அப்புறம் கயாக்கில் கற்க வேண்டிய முதல் விஷயம், கவிழ்ந்தால் வெளியே வருவது. படகுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க இடுப்பைச் சுற்றி மாட்டும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் முன்பிடியை இழுத்துவிட்டு நழுவி வர வேண்டும். அந்தப் பிடி உள்ளே மடங்கிவிடாமல் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழக வேண்டும். கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்தும் 'ரோல்' அடுத்தது. அது இடுப்பின் வேலை. தோள்பலத்தை நம்பி முதலில் தலையைத் தூக்குகிறவர்கள் மறுபடி கவிழ்வார்கள்.

வேக நீரை ஒன்று (எளிது) முதல் ஆறு (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பார்கள். அவளுக்கு ஒன்றும் இரண்டும் போதும். நமக்குப் பக்கத்தில் என்றால் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி. சாலிப்புழாவிலும் இருவஞ்சிப்புழாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கயாக் போட்டிகளே நடக்கின்றன. பள்ளி நடக்கும் மாதங்கள் என்பதுதான் சங்கடம். மே விடுமுறைதான் தோது என்றால் ரிஷிகேஷ். தூரமும் செலவும் கூடுதல், கங்கை நீரும் ஐஸ் மாதிரி இருக்கும்.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். 'பெண்களுக்குத் தன்னம்பிக்கை' என்று நோட்டீஸில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ராஃப்ட் எனும் காற்றடைத்த பெரிய மிதவையில் எட்டுப் பேரை ஏற்றி, வழிகாட்டி கத்தக் கத்தத் துடுப்புப் போடவைத்து, போட்டோ எடுத்து அனுப்பினால் அது சுற்றுலா. கயாக்கில் ஆள் தனி. ஆபத்தான திருப்பம் வந்தால் கரையேறி, நடந்துபோய், நீர் எங்கே பாய்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்று அவளே பார்த்து வழியை முடிவுசெய்ய வேண்டும். சரிப்படாது என்று தோன்றினால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடக்கலாம், தேர்ந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: 'என் மகள் இன்றைக்கு வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?' சிரித்து மழுப்பினாலோ, 'பயத்தைப் போக்கிவிடுவோம்' என்றாலோ வேறு இடம் பாருங்கள். அவள் சொல் செல்லுபடியாகும் இடத்தில்தான் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த விளையாட்டால் லாபம். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, ஒரு பயிற்சியாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், த்ரோ பேக் எனப்படும் மீட்புக் கயிற்றுப் பை ஆளுக்கொன்று உண்டா, உடை மாற்றத் தனி இடம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆச்சிக்கு ஒரு செய்தி: பெண்களுக்கான கயாக் ஸ்லாலம் (வேக நீரில் தொங்கும் கம்பங்களுக்கு இடையே ஓட்டும் பந்தயம்) 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே உண்டு. 2024 பாரிஸில் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ் கயாக், கேனோ (மண்டியிட்டு ஓட்டும் படகு) இரண்டிலும் தங்கம் வாங்கினார். அவருடைய அம்மாவும் 1996-ல் வெண்கலம் வாங்கியவர். வெயிலில் பிள்ளை கறுத்துப்போவாளே என்பார். கறுப்பாள்தான், அதற்கென்ன?

துணிக்குச் சுடிதார் வேண்டாம், பருத்தி நனைந்தால் கனக்கும். முழுக்கை டி-சர்ட்டும் லெகிங்ஸும் சட்டென்று காயும் ரகத்தில் வாங்குங்கள். மாதவிலக்கு நாளில் இறங்குவதும் இறங்காததும் அவள் விருப்பம். பயிற்சியாளர் காரணம் கேட்கக் கூடாது. மழைக்காலத்துக் கேரள ஆறுகளில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கிளம்பும் முன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் காயம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.