ஸாலிப்யே கிராமத்துப் பூஞ்சுவர்கள்

கேள்வி: எங்கள் பகுதி மண்சுவர் வீடுகளில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்படித்துக் காவிப்பட்டை தீட்டும் வழக்கம் அருகி வருகிறது. போலந்தில் ஓர் உழவர் கிராமம் முழுவதும் வீடுகளில் பூ வரைந்திருப்பதைப் படத்தில் பார்த்தேன். அங்கே அது எப்படி நிலைத்தது?
— வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்கள் பார்த்தது தென் போலந்தில், தார்னூவ் நகருக்கு வடக்கே உள்ள ஸாலிப்யே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை அங்குள்ள குடியானவர் வீடுகளில் புகைபோக்கி இல்லாததால் சுவரெல்லாம் கரி படிந்தது. அந்தக் கருப்பின்மேல் பெண்கள் சுண்ணாம்பால் வெள்ளைப் பொட்டுகள் வைத்தார்கள். புகைபோக்கி வந்து சுவர் வெளுத்ததும் பொட்டுகள் பூக்களாயின. பாலில் குழைத்த வண்ணப்பொடியும் கால்நடை மயிரில் கட்டிய தூரிகையுமே அவர்களுடைய கருவிகள். அடுப்பங்கரையில் தொடங்கிய பூக்கொடி வெளிச்சுவர், கிணறு, களஞ்சியம், நாய்க்கூடு வரை படர்ந்தது.

நம் பொங்கலைப் போல அங்கே நற்கருணைத் திருநாள் (Corpus Christi) என்னும் கத்தோலிக்கத் திருவிழாவையொட்டி வீட்டைப் புதுப்பிப்பார்கள். 1948-இல் தொடங்கிய 'வண்ணக் குடில்' போட்டி அந்தத் திருநாளையொட்டி இன்றும் நடக்கிறது. நடுவர்கள் வீடு வீடாகச் சென்று பார்ப்பதால், பழைய ஓவியத்தை அப்படியே விட்டுவைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. என் கணிப்பில், வழக்கம் பிழைத்ததற்கு முதன்மைக் காரணம் இதுவே. அவ்வூரில் பெயர்பெற்ற ஓவியர் ஃபெலிட்ஸியா சூரிவோவா (1904–1974) வாழ்ந்த வீடு, அவர் மறைவுக்குப் பின் அருங்காட்சியகமாகி, இன்று தார்னூவ் அருங்காட்சியகத்தின் கிளையாக இருக்கிறது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களை ஒருமுறை கொண்டுவந்து நிறுத்தினால் அவை காப்பாற்றப்பட்டுவிடும். சுவர்ப்பூ அப்படியல்ல, ஆண்டுதோறும் கை படாவிட்டால் இரண்டு மழையில் கரைந்துவிடும். ஆகவே உங்கள் ஊரில் ஏதேனும் செய்ய விரும்பினால், காவிமண்ணை எந்த இடத்தில் எடுப்பார்கள், சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பார்கள், பட்டை எங்கிருந்து தொடங்கும் என்பதை இன்னும் தீட்டத் தெரிந்த மூதாட்டியரிடம் கேட்டு முதலில் எழுதிவையுங்கள். மார்கழிக் கடைசியில் தெருவளவில் ஒரு சிறு போட்டி வைப்பதற்குப் பெரிய நிதியொன்றும் தேவைப்படாது. பள்ளிப் பிள்ளைகளை அவர்களுடைய பாட்டிமாரோடு சேர்த்து அழையுங்கள்.