நகைக்கடைக்கு ஹோலோகிராம் ஃபேன் வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்களுக்குச் சின்ன நகைக்கடை இருக்கிறது. ‘ஹோலோகிராம் ஃபேன்’ ஒன்று மாட்டினால் ஆரமும் ஒட்டியாணமும் காற்றில் மிதக்கும், வாடிக்கையாளர் கையை நீட்டி நகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பி வாங்கலாமா சார்? வேறு வழி ஏதாவது உண்டா?

பதில்: மிதப்பதுபோல் தெரியும் என்பது உண்மைதான். கையால் திருப்புவது அந்த ஃபேனில் நடக்காது. கையை நீட்டினால் சுற்றுகிற இறக்கையில்தான் படும்.

அந்த ஃபேனின் இறக்கைகளில் எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக இருக்கும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுற்றினால் நெருப்பு வளையமாகத் தெரிகிறதே, அதே சங்கதிதான். இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதற்கு வேண்டிய புள்ளிகள் மட்டும் அந்த நொடித்துளியில் எரியும். இறக்கை கண்ணுக்குத் தெரியாது, பின்னால் உள்ள சுவர் தெரியும், அதனால் படம் மிதக்கிறது. ஆனால் அது தட்டைப் படம். நகை சுழல்வது வீடியோவில் சுழல்வதுதான். நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் ஆரத்தின் பக்கம் தெரியாது, படம்தான் ஒடுங்கிப்போகும்.

நகைக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 42 செ.மீ. விட்டம் முழுக்க 224 விளக்குகள் என்று வைத்துக்கொண்டால், புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளி. காலணி விளம்பரத்துக்கு அது போதும். அரும்பு வேலையும் கம்பி வேலையும் அதில் கரைந்துவிடும். எனவே வாசலில் போகிறவரை ஒரு நிமிடம் நிற்க வைக்க ஃபேன் சரி, கவுண்டருக்கு ஆகாது.

அப்படி வாசலுக்கு வாங்குவதானால், கைக்கு எட்டாத உயரத்தில், அக்ரிலிக் மூடியோடு மாட்டுங்கள். வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். வீடியோவின் பின்னணி சுத்தக் கறுப்பாக இருக்கட்டும். கறுப்பு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் சாம்பல் கலந்தாலும் நகையைச் சுற்றி மங்கலாக ஒரு தட்டு தெரிந்து, மாயம் அங்கேயே போய்விடும். அப்புறம், வைஃபை வழியாகப் படம் ஏற்றும் மாடல் என்றால் முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வாசலில் வேறு யாரோ படம் ஓட்டுவார்கள்!

கவுண்டருக்கு நான் சொல்வது பழைய வித்தை. 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் சாய்த்து வைத்த கண்ணாடியில் பிம்பம் விழவைத்து மேடையில் பேயைக் காட்டினார். 1996-இல் இறந்துபோன பாடகர் டூபாக் 2012-இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழா மேடையில் தோன்றியதும், அதே ஆண்டு குஜராத் தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர்களில் பேசியதும் இதே முறையில்தான். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவே வித்தியாசம்.

உங்கள் ஊர் ஆசாரியே இதற்குப் பெட்டி செய்துவிடுவார். உள்பக்கம் முழுக்க மங்கிய கறுப்பு. மேலே திரை கீழ்நோக்கிப் பார்க்கும்படி ஒரு மானிட்டர். நடுவில் 45 டிகிரியில் சாய்ந்த கண்ணாடி. மானிட்டர் கண்ணாடிக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு பின்னால் நிற்கும். நிஜ ஆரத்தை அந்த இடத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். ஆரம் நிஜம், அதைச் சுற்றி அதே செட்டின் தோடும் வளையலும் பிம்பமாக வந்துபோகும். சாதாரண 4 மி.மீ. கண்ணாடி போட்டால் முன், பின் இரு பரப்பிலும் ஒளி பட்டுத் திரும்பி ஒவ்வொரு தோடும் இரட்டையாகத் தெரியும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் பிரதிபலிப்புப் பூச்சு உள்ள கண்ணாடியைக் கேளுங்கள், அல்லது மிக மெல்லிய அக்ரிலிக் தாள் போடுங்கள். கையசைவைப் படிக்கும் லீப் மோஷன் போன்ற சிறு கேமராவைப் பெட்டிக்கு முன்னால் வைத்து அதற்கான மென்பொருளை எழுதி வாங்கினால், விற்பனையாளர் சொன்னதுபோல் கையை அசைத்துத் தோடைத் திருப்பலாம். தொடும் உணர்வு மட்டும் இருக்காது.

பக்கத்துக்குப் பக்கம் நிஜமாகவே வேறு தோற்றம் தெரிய வேண்டுமென்றால் ஒளிப்புலத் திரைகள் இருக்கின்றன. நியூயார்க்கின் லுக்கிங் கிளாஸ் நிறுவனத் திரைகள் ஒரே பொருளின் 45 முதல் 100 வெவ்வேறு தோற்றங்களைத் தனித்தனி திசையில் அனுப்புகின்றன. கண்ணாடி அணியாமல் பலர் சேர்ந்து பார்க்கலாம். சோனி 2023-இல் கொண்டுவந்த 27 அங்குலத் திரையில் படம் இன்னும் துல்லியம். ஆனால் அது கண்ணைப் பின்தொடர்வதால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். நம் ஊரில் நகை வாங்கத் தனியாக யார் வருகிறார்கள்? அம்மா, அத்தை, நாத்தனார் எல்லோரும் பார்த்துத் தலையாட்ட வேண்டும். விலையும் அதிகம் என்பதால் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

தொடும் பிம்பம் ஆய்வகத்தில் வந்துவிட்டது. ஸ்பெயினின் நவார்ரா பொதுப் பல்கலைக்கழகத்தினர் 2025-இல் காட்டிய கருவியில், வேகமாக மேலும் கீழும் அதிரும் பரப்பின் மீது படங்களை வீசி உருவத்தை நிறுத்துகிறார்கள். அந்தப் பரப்பு கெட்டியாக இருந்தால் விரலும் அடிபடும், கருவியும் உடையும். இவர்கள் எலாஸ்டிக் பட்டைகளால் செய்ததால் கையை உள்ளே விட்டு உருவத்தைப் பிடித்து நகர்த்த முடிகிறது. கடைக்கு வர நாளாகும்.

நிஜ ஹோலோகிராம் வேண்டுமா? பழைய கிரெடிட் கார்டைச் சாய்த்துப் பாருங்கள். டென்னிஸ் கேபார் 1947-இல் கண்டுபிடித்து 1971-இல் நோபல் பெற்றது அந்த நுட்பத்துக்குத்தான். ஒளி அலைகளின் பின்னலையே பதிவுசெய்வதால் அதை ஆரம் அளவில் அசையவைக்க, திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய நுணுக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பின்னலைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பாரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். திரைதான் பாக்கி.

எந்தக் கருவி வாங்கினாலும் செலவு படம் தயாரிப்பதில் இருக்கிறது. இதை விற்பனையாளர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். போட்டோக்களை இணைத்து 3டி உருவம் செய்யும் மென்பொருள் தங்கத்தில் குழம்பும், காரணம் பளபளப்பு கோணத்துக்குக் கோணம் மாறும். உங்கள் வார்ப்பு நகைகள் கோவை போன்ற இடங்களில் கம்ப்யூட்டர் டிசைனில் உருவானவை என்றால், பட்டறையிடம் அந்த ஃபைலைக் கேளுங்கள். அதில் வடிவம் மட்டும் இருந்தாலும் போதும், பொன்னிறமும் கல்லும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். கையால் செய்த நகைக்குத்தான் ஒவ்வொன்றையும் புதிதாக வரைய வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், அவர்களின் டெமோ வீடியோவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் ஆரம் ஒன்றின் ஃபைலைக் கொடுத்து, உங்கள் கடையில், எல்லா விளக்கும் எரியும்போது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.