கிரெனடா சந்தையில் ‘சாஃப்ரன்’ கேட்டால் மஞ்சள் கிடைக்கும்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு ஒரு வாரம் கரீபியன் தீவு நாடான கிரெனடா போகிறோம். கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைப் பக்கம் சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம். நாங்கள் சைவம். சந்தையில் காய்கறி வாங்கிச் சமாளிக்க முடியுமா? பேரம் பேசலாமா? மிஞ்சியதைத் திரும்பும்போது கொண்டுவரலாமா?

பதில்: தாராளமாகச் சமாளிக்கலாம். அங்கே குவித்து வைத்திருக்கும் காய்களில் பலவும் உங்களுக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் ஆளை ஏமாற்றும். ‘சாஃப்ரன்’ என்றால் குங்குமப்பூ அல்ல, மஞ்சளைத்தான் அப்படிச் சொல்வார்கள். ‘கிரீன் ஃபிக்’ என்பதற்கும் அத்திப்பழத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது வாழைக்காய். ‘பேர்’ என்றால் பேரிக்காய் அல்ல, பெரும்பாலும் அவகாடோ. ‘கிறிஸ்டோஃபீன்’ நம் சௌசௌ. ‘டஷீன்’ சேப்பங்கிழங்கின் பெரிய அண்ணன். அதன் இலைதான் ‘கலலூ’. கிழங்குகளையும் வாழைக்காயையும் மொத்தமாக ‘புரவிஷன்’ என்பார்கள். ‘கோல்டன் ஆப்பிள்’ ஆப்பிள் அல்ல, இலங்கையில் அம்பரெல்லா என்கிறார்களே, அந்தக் காய். ஊறுகாய்க்குக் கையோடு இரண்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை காலையில் போங்கள். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் மார்க்கெட் ஸ்கொயரில் அன்றுதான் கூட்டமும் சரக்கும். கிராண்ட் ஆன்ஸ் சாலையில் ஓடும் 1ஆம் எண் சிற்றுந்தில் ஏறினால் நகரத்துக்கே கொண்டுபோய் விடும். ஏழு மணிக்குள் போய்விட்டால் கீரை வாடியிருக்காது. ஞாயிற்றுக்கிழமையை நம்பி இருக்காதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கடை முன் நின்றதும் காயைத் தொடாதீர்கள். முதலில் ‘குட் மார்னிங்’. அதைச் சொல்லாமல் நேரே விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. விற்கும் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதும் பேசாமல் போவதும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நம்மூர் போல அடித்துப் பேரம் பேசுவது அங்கே எடுபடாது. ஒருவரிடமே நாலு பொருள் வாங்குங்கள், கொசுறாக ஒரு கொத்துத் தைம் இலையோ ஓர் எலுமிச்சையோ விழ வாய்ப்பு உண்டு.

‘அஞ்சு டாலர்’ என்றால் எந்த டாலர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு அதில் 2.70 என்று நிலையாக இருக்கிறது. கேட்காமல் விட்டால் ஒன்றுக்கு 2.7 மடங்கு கொடுத்துவிடுவீர்கள். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். எடை பவுண்டில், சிலவற்றைக் கூறு கட்டியும் விற்பார்கள்.

பழம் வாங்கும்போது அமுக்கிப் பார்க்க வேண்டாம். ‘இன்று சாப்பிடவா, நாளை மறுநாளுக்கா?’ என்பதை விற்பவரிடம் சொல்லிவிட்டு, தேர்வை அவரிடமே விடுங்கள். பப்பாளியோ முள்சீத்தாவோ, என் கை தேடி எடுத்ததைவிட அவர்கள் எடுத்துக் கொடுத்தது பலமுறை நன்றாக இருந்திருக்கிறது. மாம்பழத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஜனவரி அதன் பருவம் அல்ல. பதிலுக்குப் பச்சைத் துவரை கிடைக்கும் நேரம் அது. உரித்தது கிடைத்தால் விடாதீர்கள், தேங்காய்ப்பால் ஊற்றிச் சோறாக்கலாம்.

சமையலில் இரண்டு எச்சரிக்கை. கலலூ இலையை அரைவேக்காட்டில் இறக்கினால் தொண்டை அரிக்கும். நன்றாகக் குழைய வேகவையுங்கள், கொஞ்சம் புளி சேர்த்தால் இன்னும் நல்லது. அடுத்தது மிளகாய். ‘சீசனிங் பெப்பர்’ என்று சின்னதாக ஒன்று விற்பார்கள். வாசனை அத்தனையும் இருக்கும், காரம் இருக்காது. பார்ப்பதற்கு அதே போல இருக்கும் ஸ்காட்ச் பானட் என்ற கடுங்கார மிளகாயோ ஒன்றே ஒரு பானைக் குழம்புக்குப் போதும். எது எது என்று கேட்டு, தனித்தனிப் பையில் போடுங்கள். இரண்டையும் கலந்து கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கத் தயிரைத் தேடி அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

கொண்டுவருவது பற்றி: பச்சைக் காயும் பழமும் வேண்டாம். பூச்சியும் நோயும் பரவும் என்று பல நாடுகள் தடுக்கின்றன, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கிரெனடாவிலிருந்து தூக்கி வர வேண்டியது சாதிக்காய். அந்த நாட்டுக் கொடியிலேயே அது இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. புதுக்கன்று காய்க்க ஏழெட்டு வருடமாவது ஆகும் என்பதால் அந்த அடியிலிருந்து எழுந்து நிற்க வெகுகாலம் பிடித்தது. பொடியாக வாங்காதீர்கள், ஓட்டோடு வாங்குங்கள். காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும்; அப்போதுதான் பருப்பு நன்றாகக் காய்ந்து ஓட்டிலிருந்து விலகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டது மாதக்கணக்கில் கெடாது. சாதிக்காய் ஓட்டின் மேல் படர்ந்திருக்கும் சாதிபத்திரி பறித்த புதிதில் ரத்தச் சிவப்பாக இருக்கும், காயக் காய வெளிறும். சிவப்புப் போய்விட்டதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மசாலாவைக் கோத்து மாலையாக விற்பார்கள், அது சுவரில் மாட்ட அழகுதான், குழம்புக்கு ஆகாது. எதை வாங்கினாலும் திரும்பும்போது சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

கூடவே ஒன்று. கடற்கரையில் உதிர்ந்து கிடக்கும் சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காயைப் பிள்ளைகள் தொட வேண்டாம். அது மான்சினீல், பாலும் பழமும் கொடிய விஷம். மழையில் அந்த மரத்தடியில் ஒதுங்கினால்கூடத் தோல் கொப்பளிக்கும்.