0.15 ஓம் சுருளும் 20 ஆம்பியர் மின்கலமும்

மின் சிகரெட்டின் (வேப்) மெக்கானிக்கல் மாடில், அதாவது மின்னணுக் கட்டுப்பாடு இல்லாமல் மின்கலத்தைச் சுருளுடன் நேரடியாக இணைக்கும் கருவியில், இரண்டு சுருள்களை 0.3 ஓமுக்குச் சுற்றியும் மீட்டர் 0.15 ஓம் காட்டுகிறது; 20 ஆம்பியர் வரம்புள்ள மின்கலத்தோடு அதைப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. முழுதாக மின்னேற்றிய மின்கலத்தின் 4.2 வோல்ட்டை உங்கள் மீட்டர் காட்டும் 0.15 ஓமால் வகுத்தால் 28 ஆம்பியர் வருகிறது. 20 ஆம்பியர் மின்கலம் மெக்கானிக்கல் மாடில் சூடாவதற்கு அதுவே போதும்.

0.3 ஓமுக்குச் சுற்றியும் பாதி அளவு காட்டுவதற்குக் காரணம், பெரும்பாலும், தலா 0.3 ஓம் உள்ள இரண்டு சுருள்களும் பக்க இணைப்பில் இருப்பதுதான்.

ஒன்றைக் கழற்றிவிட்டு, மின்கலம் இல்லாமல், ஓம் மீட்டரில் மீண்டும் அளந்து பாருங்கள். 0.3 வந்தால் மின்னோட்டம் 14 ஆம்பியர்தான். எண் ஊசலாடினால் திருகு தளர்ந்திருக்கிறதா, சுருள் கம்பியின் முனை, சுருளைப் பொருத்தும் உலோகத் தளத்தைத் தொடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் வரை பொத்தானை அழுத்த வேண்டாம்.

மின்கலத்தின் உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆம்பியர் சில நொடிகளுக்கான உச்ச அளவாகவும் இருக்கக்கூடும் (விற்பனைக்கு அதுதானே கவர்ச்சி). தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள தொடர் மின்னிறக்க வரம்பையே (இடைவிடாமல் எடுக்கக்கூடிய அதிகபட்ச ஆம்பியர்) கணக்கில் கொள்ளுங்கள். வாட் கட்டுப்பாடுள்ள கருவிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது.