எல்மர் கீத் போன்ற துப்பாக்கி எழுத்தாளர் வைத்திருந்த ரிவால்வரை வாங்க விரும்புபவர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

"இது புகழ்பெற்ற துப்பாக்கி எழுத்தாளர் (துப்பாக்கிகளைப் பற்றி இதழ்களில் எழுதுபவர்) ஒருவர் கையாண்ட ரிவால்வர்" என்று சொல்லி விற்பவர் கேட்கும் கூடுதல் விலை நியாயமானதா, அந்தப் பேச்சை எப்படிச் சரிபார்ப்பது என்பது உங்கள் கேள்வி. நான் பல ஆண்டுகளாக அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி நகரில் வசிக்கிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற நிறுவனத்தின் பழைய ரிவால்வர்களைச் சேகரித்து வருகிறேன். எல்மர் கீத் வாழ்ந்து மறைந்த மாநிலம் இது என்பதால், இங்கே துப்பாக்கிக் கண்காட்சிகளில் அவர் பெயரைக் கேட்காமல் ஒரு மேசையைக் கூடக் கடக்க முடியாது. ஆகவே அவரை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் ஒருவரின் ரிவால்வரை வாங்க நினைப்பவர், ரிவால்வரைத் தொடுவதற்கு முன்னால் அவர் எழுதியவற்றைப் படித்திருக்க வேண்டும். ஒரு தளபதியின் கைத்துப்பாக்கி என்றாலோ ஒரு கொள்ளைக்காரனுடையது என்றாலோ, நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் சொன்ன கதைதான். துப்பாக்கி எழுத்தாளரோ தன் ரிவால்வரின் குழல் நீளம் என்ன, பிடி எந்த வடிவத்தில் அமைந்தது, எந்தத் துப்பாக்கிக் கொல்லர் எந்தப் பாகத்தை மாற்றினார் என்பதையெல்லாம் தன் கையாலேயே எழுதி, படமும் எடுத்து அச்சில் ஏற்றிவிட்டுப் போகிறார். இதைவிட நல்ல சாட்சியம் வேறு எந்தச் சேகரிப்புத் துறையிலும் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைப் படிக்காமல் பணத்தை எடுத்து நீட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கீத் 1899-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார், 1984-இல் இறந்தார். சிறுவயதில் ஒரு தீ விபத்தில் கடுமையான காயங்களுக்கு ஆளானவர். மாடு மேய்ப்பது, குதிரை பழக்குவது, வேட்டைக்கு வழிகாட்டியாகப் போவது என்று வாழ்ந்து, பிறகு ஐடஹோவின் சாமன் என்ற ஊரில் குடும்பத்துடன் நிலைத்தார். அவருடைய ரிவால்வர்கள் கண்ணாடிப் பெட்டிக்காக வாங்கப்பட்டவை அல்ல என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி வேண்டும். 1925 ஜூலை 4 அன்று, கனமான குண்டுகளை ஏற்றிச் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய .45 கோல்ட் நிறுவன ரிவால்வரின் சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) வெடித்துச் சிதறியது. (.45, .44 என்பவை குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்கள்.) அதன் பிறகு அவர் .44 ஸ்பெஷல் தோட்டாவின் பக்கம் திரும்பினார். அதே அளவுள்ள சிலிண்டரில் துளை சற்றுச் சிறியதாக இருந்தால், துளைகளுக்கு இடையிலும் வெளிப்புறத்திலும் உள்ள இரும்புச் சுவர் தடிமனாகும், அழுத்தத்தைத் தாங்கும் என்பதே காரணம். அங்கிருந்து சுமார் 30 ஆண்டுகள், தொழிற்சாலைகள் தயங்கிய அளவுக்கு வீரியமான .44 தோட்டாக்களைத் தானே நிரப்பிச் சுட்டு, அதைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். 1955-இன் இறுதியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் தோட்டா நிறுவனமான ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னம் என்ற வீரியமான தோட்டாவைக் கொண்டுவந்ததற்கு அந்த விடாப்பிடியும் ஒரு முக்கியக் காரணம்.

சேகரிப்பாளர்கள் பேசும்போது "நம்பர் ஃபைவ்" என்று மட்டும் சொன்னால் அது ஒரே ஒரு ரிவால்வரைத்தான் குறிக்கும். 1920-களின் கடைசியில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹரல்ட் கிராஃப்ட் என்பவர், கீத் எழுதிய தொலைதூரச் சுடுதல் உண்மைதானா என்று நேரில் பார்க்க, பெட்டி நிறைய ரிவால்வர்களுடன் அவர் அப்போது இருந்த ஒரிகானுக்கே வந்து சேர்ந்தார். கிராஃப்ட் தன் யோசனைப்படி மாற்றியமைத்த கோல்ட் ரிவால்வர்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்திருந்தார். அவற்றில் தனக்குப் பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு, தன் அனுபவத்தையும் சேர்த்துக் கீத் உருவாக்கியது ஐந்தாவது. அடிப்படை, ஒவ்வொரு முறை சுடும் முன்னும் சுத்தியலைக் கையால் இழுத்து வைக்க வேண்டிய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, தோட்டா .44 ஸ்பெஷல், குழல் ஐந்தரை அங்குலம். சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டையைத் தட்டையாக்கி, நகர்த்திச் சரிசெய்யக்கூடிய குறிநோக்கியைப் பொருத்தினார்கள். பிடிக்கு, கோல்டின் இன்னொரு ரகமான பிஸ்லியின் பின்பட்டையை (பிடியின் பின்புற இரும்புப் பட்டை) எடுத்து வளைத்துச் சிங்கிள் ஆக்‌ஷனின் முன்பட்டையோடு இணைத்து, இரண்டிலும் இல்லாத ஒரு வடிவத்தைப் பெற்றார்கள். சிலிண்டரைத் தாங்கும் ஊசி, கனமான தோட்டாவின் உதைப்பில் முன்னால் நழுவி வந்துவிடும் என்பது அந்தக் காலத்துக் கோல்டுகளின் பழைய தொல்லை. அதற்காகப் பெரிய தலையும் தனித் தாழ்ப்பும் கொண்ட ஊசியைச் செய்தார்கள். இவ்வளவையும் கீத் 1929 ஏப்ரலில் "அமெரிக்கன் ரைஃபிள்மேன்" இதழில் விவரமாக எழுதினார். 2015 மார்ச்சில் மெய்ன் மாநிலத்தில் ஜேம்ஸ் டி. ஜூலியா ஏல நிறுவனம் கீத் குடும்பத்தாரின் சேகரிப்பை ஏலம் விட்டபோது, நம்பர் ஃபைவ் 80,000 டாலரைத் தாண்டிப் போனது. யாரும் அதன் உண்மைத்தன்மையைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அச்சான கட்டுரைக்கு 86 வயது. ரிவால்வர் அந்தக் கட்டுரையோடு பாகத்துக்குப் பாகம் பொருந்தியது. அது குடும்பத்தின் கையை விட்டு வெளியே போனதும் இல்லை.

அந்த ஏலத்துக்கு முன்பு, இங்கே பாய்ஸியில் உள்ள கபேலாஸ் என்ற வேட்டைப் பொருள் கடையில் கீத்தின் துப்பாக்கிகள் ஒரு சிறு அருங்காட்சியகமாக வைக்கப்பட்டிருந்தன. நான் அங்கே நின்று கவனித்ததெல்லாம் தேய்மானத்தைத்தான். உறையில் நுழைந்து நுழைந்து வெளிவந்ததால் குழலின் முனைப் பக்கங்களில் நீலப் பூச்சு போய், சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. தந்தப் பிடிகள் பசு நெய்யின் நிறத்துக்குப் பழுத்திருந்தன. மாட்டுத் தலையைப் புடைப்பாகச் செதுக்கிய பிடிகளைக் கீத் விரும்பினார். வலது கைக்காரரின் உள்ளங்கைக் குழியை அந்தப் புடைப்பு நிரப்பும் என்பதற்காக வலது பக்கத்துத் தந்தத்தில்தான் செதுக்கச் சொல்வார். இதுபோன்ற பிடிகள் சரிபார்ப்புக்கும் பெரிய உதவி. கையால் செதுக்கியவற்றில் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. தந்தத்தில் காலப்போக்கில் ஓடும் மெல்லிய விரிசல் கோடுகளும் ஒவ்வொன்றுக்கும் தனி. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது பொறுமையைக் கேட்கும் வேலைதான், ஆனால் அதைப் போல் நிம்மதி தரும் வேலை வேறில்லை.

இனி, "கீத்தின் ரிவால்வர்" என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல. அவர் வாங்கி, இடுப்பில் கட்டி, எழுதியும் வைத்தவை முதல் தரம். தொழிற்சாலையோ நண்பர்களோ அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் அலமாரியில் வைத்திருந்தவை அடுத்தது. மூன்றாவதுதான் சிக்கல்: பரிசோதித்து எழுதச் சொல்லித் தொழிற்சாலைகள் அனுப்பி, கட்டுரை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டவை. ஒரு துப்பாக்கி எழுத்தாளரின் வாழ்நாளில் இப்படி எத்தனையோ வந்துபோகும். ஒரு மாதம் அவர் மேசையில் இருந்த ரிவால்வருக்கு, அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்த ரிவால்வரின் விலையைக் கேட்பதை நான் ஏற்கவே மாட்டேன். அதற்குச் சந்தை விலைக்கு மேல் சிறிது கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இதோடு இணைந்த இன்னொரு தவறான புரிதலையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கீத், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ராணுவ ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிப் பரிசோதகராகப் பணியாற்றினார். அங்கே பழுது பார்க்கப்பட்டு அவர் சரிபார்த்த ஆயுதங்களில் "ஓ.ஜி.இ.கே." என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் முத்திரையாகக் குத்தப்பட்டன, முதல் இரண்டு எழுத்துகள் ஆக்டனையும் அடுத்த இரண்டும் எல்மர் கீத்தையும் குறிப்பவை. இந்த முத்திரையைக் காட்டி "கீத் வைத்திருந்தது" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த முத்திரை சொல்வது, அந்த ஆயுதம் அவர் பொறுப்பில் இருந்த பரிசோதனையைக் கடந்து வந்தது என்பதை மட்டுமே. அது ராணுவத்தின் சொத்து. முத்திரை குத்துவது எளிது என்பதால் புதிதாகக் குத்தியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆவணங்களில் முதலில் எல்லோரும் தேடுவது தொழிற்சாலைக் கடிதம். வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையும் கோல்ட் ஆவணக் காப்பகமும் பழைய பேரேடுகளைப் பார்த்து, அந்த ரிவால்வர் எந்தத் தேதியில், எந்தக் குழல் நீளத்துடன், எந்தப் பூச்சுடன், யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். இந்தக் கடிதம் அவசியம். ஆனால் போதுமானது அல்ல. பெரும்பாலான ரிவால்வர்கள் மொத்த வியாபாரிகளுக்குத்தான் அனுப்பப்பட்டன, எனவே எழுத்தாளரின் பெயர் அதில் வராது. பிற்காலத்தில் கொல்லர்கள் செய்த மாற்றங்களும் அதில் இருக்காது. விதிவிலக்கு, 1935-இல் .357 மேக்னம் தோட்டாவுடன் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த ரெஜிஸ்டர்டு மேக்னம். அதை வாங்கியவர் பெயரைத் தொழிற்சாலையே பதிவு செய்து சான்றிதழ் தந்தது. பதிவு எண்ணை ரிவால்வரிலும் பொறித்தது. அந்தச் சான்றிதழோடு ஒரு ரிவால்வர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவற்றுக்கு எழுத்தாளரின் கையொப்பமிட்ட, வரிசை எண்ணைக் குறிப்பிடும் கடிதத்தையோ, குடும்பத்தார் விற்றதற்கான ரசீதையோ, ஏலப் பட்டியலின் பக்கத்தையோ கேளுங்கள். வரிசை எண் இல்லாத கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எந்த ரிவால்வரையும் சேர்ந்ததாகாது.

கீத் மிக உயர்வாக மதித்த ரகங்களில் ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டிரிப்பிள் லாக். 1908 முதல் 1915 வரை, 15,000-க்குச் சற்று மேல் மட்டுமே செய்யப்பட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது. அதற்கும் கீத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் சிலிண்டரைத் திறந்து, அதைத் தாங்கும் கையின் முன்புறத்தில் உள்ள அந்த மூன்றாவது பூட்டைப் பார்த்த பிறகுதான் அவர் எழுதியதன் அருமை எனக்கு விளங்கியது. பின்னால் ஒன்று, காலித் தோட்டாக்களை வெளித்தள்ளும் கம்பியின் நுனியில் ஒன்று, நடுவே இது என மூன்று இடங்களில் பூட்டிக்கொள்ளும்போது, சிலிண்டரும் துப்பாக்கியின் உடல்சட்டமும் ஒரே வார்ப்பு போல் அசைவற்று நிற்கின்றன. கைவேலை மிகுந்த அந்தப் பூட்டைச் செலவு கருதித்தான் பிறகு கைவிட்டார்கள். அந்த ரிவால்வரின் வலது மரப்பிடியைக் கழற்றினால் உட்புறத்தில் வரிசை எண் இருக்கிறது. உடல்சட்டத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்துகிறதா என்பதை நீங்கள் வாங்கும் எந்தப் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு பூச்சைப் புதுப்பிக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தேய்ந்த நீலம்தான் அவர் கை பட்டதற்கான அடையாளம். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, தோல் உறையில் அல்லாமல் வேறாக வைத்தால் போதும். உறைத்தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும்.

சட்டத்தைப் பற்றிச் சிறிது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி 50 ஆண்டுகளுக்கு முன் தயாரான, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகள் அரும்பொருள் வகையில் சேரும். சேகரிப்பாளர் உரிமம் பெற்றவர் அவற்றை வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாகப் பெறலாம். நம்பர் ஃபைவ் போல மாற்றியமைக்கப்பட்டவை வயதை மட்டும் காட்டி அந்த வகைக்குள் வந்துவிடாது. ஆனால் வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரோடு உள்ள தொடர்பினாலேயே மதிப்பின் பெரும்பகுதி அமைந்த துப்பாக்கிகளுக்கும் அதே விதியில் இடம் உண்டு, அங்கேயும் உங்கள் ஆவணங்கள்தான் பேச வேண்டும். தந்தப் பிடிகளுக்கு 2016-இல் வந்த ஆப்பிரிக்க யானைத் தந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தும். 200 கிராமுக்குக் குறைவான தந்தம் கொண்ட பழைய பொருள்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு இருக்கிறது என்றாலும், கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனியாகக் கடுமையான சட்டங்களை வைத்திருக்கின்றன. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் உரிமத்தின் பேரில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆகவே இத்தகைய சேகரிப்பு அங்கே நடைமுறையில் சாத்தியமில்லை.

அவ்வளவு பணம் இல்லாதவருக்கு என் யோசனை, கீத் எழுதிய ரகத்தை வாங்குவது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 1926 மாதிரி .44 ஸ்பெஷல், 1950 டார்கெட், 1956 முதல் வந்த ஆரம்பகால .44 மேக்னங்கள் ஆகியவை இன்னும் கண்காட்சிகளில் வருகின்றன. நம்பர் ஃபைவின் பிடி வடிவத்தைக் கையில் உணர விரும்பினால், டெக்சாஸ் லாங்ஹார்ன் ஆர்ம்ஸ் நிறுவனம் அதை அடியொற்றிச் செய்த "இம்ப்ரூவ்டு நம்பர் ஃபைவ்" எப்போதாவது கிடைக்கும். அதில் தோட்டா போடும் கதவு இடது பக்கம் இருக்கும், வலது கையிலிருந்து ரிவால்வரை மாற்றாமலே நிரப்பலாம். வாங்கும்போது பெட்டியும் காகிதங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.